உறையின் மேல் வைத்த பொட்டு

நீ எந்த ஃப்ளாப்பியையும் கெடுக்கவில்லை. கெடுத்தாய் என்று சொல்லி உன்னைக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து வெளியேற்றியது அநியாயம். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

நேற்று வல்லக்கோட்டையில் உன் காரியம். உன் படத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டு விரலைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் நம் பழைய பேக்கிங் சூப்பர்வைசர் யாரிடமோ சொன்னான்: "பாவம், நல்ல பொம்பள. குங்குமம் வெச்சே கம்ப்யூட்டர சாவடிச்ச ஆளு." சிரிப்பு வேறு. உன் மகள் காதிலும் விழுந்தது. எழுந்து நின்று கத்திவிட்டேன். காரியம் நடக்கும் வீட்டில் கத்தக் கூடாதாம்.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நம் தொழிற்சாலையில் இருந்தது இரண்டே கம்ப்யூட்டர், ஒன்று பழசு, ஒன்று புதுசு. ஸ்டோர் சாமான் விவரம் முழுக்க டிபேஸ் என்கிற ப்ரோகிராமில். நீ தட்டுவாய், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே நான் கற்றுக்கொண்டேன். ஆயுத பூஜைக்கு எல்லோரும் மெஷினுக்குப் பொட்டு வைக்க, நீ ஃப்ளாப்பியின் காகித உறைக்கு வைத்தாய்.

"உள்ள கிள்ள பட்டுடப் போவுதுடி."

"எனக்குத் தெரியாதா? சட்டைக்குத்தான் பொட்டு, ஒடம்புக்கு இல்ல."

பூஜை விடுமுறையில் கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியின் ஆள் வந்து, புது கம்ப்யூட்டரில், அதை இயக்குகிற டாஸின் அடுத்த வெர்ஷனைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்து நீ டிபேஸை ஓட்டினால், ஃபைல்கள் அளவுக்கு மேல் திறந்திருக்கின்றன என்று எர்ரர் காட்டி நின்றுவிட்டது. மேனேஜர் திரையைப் பார்க்கவில்லை, உறையைப் பார்த்தார். "இன்னாம்மா இது, கோயில் உண்டியலா?"

நீ அதே ஃப்ளாப்பியைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டாய். ஓடியது. "இங்க ஓடுது பாருங்க சார்."

"அது பழசும்மா, எதையும் தாங்கும்."

அறையே சிரித்தது. அன்றே உன்னைப் பேக்கிங்கிற்கு அனுப்பினார்கள்.

பிறகு அந்தக் கம்பெனி ஆள் வந்து ஒரு வரி தட்டினார், சரியாகிவிட்டது. ஒரே சமயத்தில் எத்தனை ஃபைல் திறக்கலாம் என்று சொல்கிற வரி. பழைய வெர்ஷனில் இருந்தது. புதிதைப் போட்டபோது போய்விட்டது. "நாந்தான் கவனிக்கல. சார் கைல சொல்லிடாதம்மா, வேல பூடும்" என்றார். நேராகப் போய்ச் சொன்னேன். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டதும் அந்த ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு, "குங்கும ஈரம் காஞ்சிருக்கும் சார், அதான் இப்ப ஓடுது" என்றார்.

அடுத்தடுத்து வந்த மேனேஜர்களிடமும் சொல்லிப் பார்த்தேன். நீதான், "வுடுடி, பேக்கிங்ல காத்தாவது வருது" என்பாய். ஆனால் அதற்குப் பிறகு எந்த ஆயுத பூஜைக்கும் நீ எதற்கும் பொட்டு வைக்கவில்லை. வீட்டுத் தையல் மெஷினுக்குக்கூட. "நான் தொட்டா கெட்டுப் பூடும்" என்று சிரிப்பாய். விளையாட்டு என்றே இத்தனை வருடம் நினைத்துவிட்டேன். உன் மகள் நேற்றுச் சொன்னாள், அவளுடைய லேப்டாப்பைக் கடைசிவரை நீ விரலால்கூடத் தொடவில்லையாம்.

மேனேஜர் குன்றத்தூரில்தான் இருக்கிறார். அவர் உன் வீட்டுக்கு வந்து, உன் படத்துக்கு முன் நின்று, தப்பு தன்னுடையது என்று சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனி ஆள் எங்கிருந்தாலும் வந்து, காணாமல் போன வரி எது என்று சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் அந்தக் கதையை இனி வாயில் எடுக்கக் கூடாது. உன் மகள் வருகிற ஆயுத பூஜைக்குத் தன் லேப்டாப்புக்குப் பொட்டு வைக்க வேண்டும்.

சந்தனம் நான் குழைத்துத் தர வேண்டும்.