கொளஞ்சியப்பன் எப்படி இருக்கிறார்?

பெங்களூர்
9.2.2025

அன்புள்ள மாமாவுக்கு, செல்வி எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை, எனக்குக் கத்தவும் மனம் வரவில்லை. அதனால் இனிக் கடிதம்தான்.

சின்னசேலத்தில் பஸ் ஏற்றும்போது என் வேலை என்னவென்று கேட்டீர்கள். பஸ் கிளம்பிவிட்டது. இப்போது சொல்கிறேன். திரவப் படிகம் என்று ஒன்று உண்டு. எண்ணெய்போல ஓடும். ஆனால் அதன் மூலக்கூறுகள் அடுக்கி வைத்த தட்டுகள்போல வரிசையாகவே நிற்கும். அந்த வரிசை கலையாமல் உலையில் சுட்டு, முடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய கார்பன் குழல் செய்ய வேண்டும். எனக்கு இதுவரை வெறும் கரிக்கட்டிதான் வருகிறது.

கூட ஆராய்ச்சி செய்பவர் ஒருவர் விருத்தாசலத்துக்காரர், பெயர் கொளஞ்சியப்பன். “சூடு ஜாஸ்தி வச்சிட்டீங்க மேடம்” என்று தினமும் சொல்கிறார்.

அஜித் விபத்தில் போன பிறகு, பெற்ற பிள்ளையை இழந்த துக்கத்திலும், “மூலைல ஒக்காந்துக்கினு இன்னா பண்ணப் போற, போய் வுட்ட படிப்பப் படி” என்று அனுப்பி வைத்தீர்கள். கரிக்கட்டியோடு ஊர் திரும்ப வெட்கமாக இருக்கிறது.

உங்கள் மருமகள்
செல்வி


நைனார்பாளையம்
2.3.2025

அம்மாடி செல்விக்கு, ஆசீர்வாதம்.

இங்கு மரவள்ளி பிடுங்கி ஆலைக்கு அனுப்பியாயிற்று. கள்ளக்குறிச்சி காது டாக்டர் மிஷின் வைக்கச் சொல்கிறார். நான்தான் இழுத்தடிக்கிறேன்.

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். “எண்ணெயக் கரியாக்கறதுக்கா எம்மருமவ அம்மாந்தூரம் போனா?” என்றாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கல்வராயன் மலைத் தேன் வாங்கி வைத்திருக்கிறாள், வந்தால் எடுத்துப் போ.

அந்த விருத்தாசலத்துத் தம்பி சொல்வதைக் கேள். அவர் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்?

ராஜாங்கம்


பெங்களூர்
20.4.2025

அன்புள்ள மாமா,

வந்துவிட்டது! நுண்துளைகள் உள்ள அச்சுக்குள் திரவத்தை இறக்கி, இந்த முறை சூட்டை மெல்ல மெல்ல ஏற்றினோம். அச்சைக் கரைத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பக்கத்தில் பக்கத்தில் குழல்கள். கொளஞ்சியப்பன், “வந்துடிச்சி செல்வி!” என்று கத்தினார்.

அஜித்திடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அதைக் கொளஞ்சியப்பனிடம் சொல்லியும்விட்டேன். போய் டீ வாங்கி வந்தார். நான் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

சாப்பாடு அவரே சமைக்கிறார். ரசம் நன்றாக வைப்பார்.

செல்வி


நைனார்பாளையம்
4.5.2025

அம்மாடி,

தெருவுக்கே இனிப்புக் கொடுத்தோம். என்னவென்று கேட்டவர்களுக்கு அத்தைதான் விளக்கம் சொன்னாள், பாதி தப்பாக. அஜித் படத்துக்கு முன்னாலும் ஒன்று வைத்தாள்.

கொளஞ்சியப்பனுக்கு எங்கள் ஆசீர்வாதத்தைச் சொல். அவர் எப்படி இருக்கிறார்?

ராஜாங்கம்


பெங்களூர்
22.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். வேலை அதிகம், திருவிழாவுக்கு வர முடியாது. அத்தையை மாத்திரை தவறாமல் போடச் சொல்லுங்கள். வேறு விசேஷமில்லை.

செல்வி


நைனார்பாளையம்
13.7.2025

அம்மாடி செல்விக்கு,

மலையில் மழை பிடித்துக்கொண்டது. இங்கே தூறலோடு சரி.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். கொளஞ்சியப்பன் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தேன், நீ பதில் எழுதவில்லை. அவர் ஏதோ கேட்டிருக்கிறார், நீ முடியாதென்று சொல்லியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் கிழவனை மன்னித்துவிடு. உனக்கே பிடிக்கவில்லை என்றால் இதோடு விட்டுவிடலாம். எங்களை நினைத்துச் சொல்லியிருந்தால், அது வேண்டாம்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அத்தையிடம் சொன்னேன். வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத்தான் வந்தாள்.

“நம்ம புள்ள போயிட்டான். நமக்கோசரம் அவளும் ஒண்டியாவே கெடக்கணுமா? இட்டுக்கினு வரச் சொல்லுங்க, பாப்போம். ஆனா ஒண்ணு, அவ என்ன அத்தைன்னு கூப்புட்றத மட்டும் வுட்டுடக் கூடாது.”

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆடி பிறக்கப் போகிறது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து இருவரும் வாருங்கள். அவர் கறி சாப்பிடுவாரா என்று அத்தை கேட்கிறாள். உடனே எழுது.

ராஜாங்கம்


பெங்களூர்
20.7.2025

மாமா,

கடிதத்தை உலைக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். நான் அழுததைப் பார்த்து, உலைக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று அவர் ஓடி வந்தார். ஒரு மாதமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆவணி முதல் ஞாயிறு வருகிறோம். கறி சாப்பிடுவார். காரம் மட்டும் கொஞ்சம் கம்மியாகப் போடச் சொல்லுங்கள், அத்தையிடம்.

செல்வி