முதல் கை உளுந்து

புரட்டாசி 8, வியாழன்
நல்ல வெயில். விதை உளுந்தைப் புடைத்துப் பெட்டியில் வைத்தேன். டிராக்டர்க்கார அய்யாத்துரையிடம் சனிக்கிழமைக்குச் சொல்லியாச்சு. மழைக்கு முந்திப் புழுதியில் போட்டால்தான் கரிசலில் வெள்ளாமை. முதல் கை விதை முன்பெல்லாம் மகள் வசந்தாவின் அம்மா போடுவாள். அவள் போன பிறகு மூன்று வருஷமாக வசந்தாதான்.

வசந்தா பொருளாதாரப் பேராசிரியை. இப்போது பல்கலைக்கழகப் பதிவாளர். ஊரில் பத்திர ஆபீஸ் வேலை என்று நினைத்துப் பட்டாவோடு வருகிறார்கள். எட்டாங்கிளாஸ் மேதை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

9, வெள்ளி
வாங்க: ஆட்டுக்குக் கயிறு, மண்ணெண்ணெய், மகளுக்குக் கடலைமிட்டாய்.
மகள் போன். நாளைக்குக் கூட்டமாம். "ஞாயித்துக்கிழமை வந்துருதேன். எனக்காக நிறுத்தாதீங்கப்பா."
நிறுத்தினேன்.

11, ஞாயிறு
வரவில்லை. பரீட்சை முடிவில் ஏதோ குளறுபடி, பிள்ளைகள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்களாம். முன்பென்றால் அவர்களோடு போய் உட்கார்ந்திருப்பாள்.
சுற்றிலும் எல்லாரும் விதைத்தாச்சு. அய்யாத்துரை: "மக வார வரைக்கும் மழைகிட்ட லீவு கேட்டு வையுங்க அண்ணாச்சி." சிரித்தேன். கிழக்கே கறுப்பு.

12, திங்கள்
மழை. கொட்டித் தீர்த்துவிட்டது. புஞ்சையில் கால் வைத்தேன், ஒரு செருப்பை மண் எடுத்துக்கொண்டது. ஒற்றைச் செருப்போடு ஊர்வலம். இனி காய்ந்து ஏர் இறங்குவதற்குள் பருவம் போய்விடும்.
மகள் போன். "வெதைச்சாச்சாப்பா?"
"ஆச்சு தாயி. மொத கை நானே போட்டுட்டேன்."
நல்லது என்றாள். குரல் இறங்கிவிட்டது.

17, சனி
மூட்டம். சொல்லாமல் வந்தாள். ஆபீஸ் காரை ரோட்டில் நிறுத்திவிட்டு நேரே புஞ்சைக்குப் போயிருக்கிறாள். பக்கத்திலெல்லாம் முளை, நம்முடையது வெறும் கறுப்பு. முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"வகுப்புல வருஷா வருஷம் ஒங்களப் பத்திதான் சொல்லுவேன்பா. மழைய நம்பித் துணிஞ்சு வெதைக்குத மனுசன்னு."

"இப்பவும் சொல்லுதியா?"

கேட்டிருக்கக் கூடாது.

"இப்ப ஏதுப்பா வகுப்பு? கையெழுத்து மட்டுந்தான்."

செம்பில் தண்ணீர் ஊற்றினேன். ஒரு காலைக் கழுவினாள். போன் அடித்தது. சரி சார், சரி சார், சாயங்காலத்துக்குள்ள வந்துருதேன் சார்.

மற்றக் கால் கரிசலோடேயே காரில் ஏறியது.