நீருக்குள் இறுகிய வெண்சாந்து குறித்துக் கருமலைக் கோட்டைக்கு விடுத்த ஓலை

மழை வழாத தாழைநாட்டில், பகைவர் முதுகன்றிப் பிறிது காணாத கோமகன் இளஞ்செருவர் ஆளும் பதினோராம் ஆண்டில், தம் நிழலையும் விசாரியாது உடன்வரவிடாத பேரமைச்சர் தழும்பன் மாறனார் சொல்ல, ஓலைநாயகம் எழுதியது. கதவு துருவேறாமலும், காவலர் கண்ணயராமலும், சிறைக்கு ஆள் குறையாமலும் விளங்கும் கருமலைக் கோட்டைத் தலைவர் கொற்றங்கிழார்க்கு நலம் பல பெருகுக.

நேற்றுத் தங்களிடம் ஒப்படைக்கப்பட்டு, நாளை உதயத்தில் தலை கொய்யப்பட வேண்டிய சுதைவேலைக்காரி செம்பியாள் காரியமாக இவ்வோலை வருகிறது. அத்தலை இன்னும் இருக்குமிடத்தில் இருக்கிறதென்று நம்பியே வருகிறது.

கோமகனுக்குச் சிலை வார்க்க முகஅச்சு எடுக்க வந்த அவள், எண்ணெய் பூசிய திருமுகத்தில் மூச்சுக்கு இரு நாணற்குழல் செருகி, வெண்சாந்து அப்பினாள். குளுகுளுவென்றிருந்த சாந்து அரை நாழிகையில் சுடத் தொடங்கவே, பதினெட்டுப் போரில் முகஞ்சுளியாத கோமகன், "ஐயையோ, மூஞ்சி வேகுதுடா!" என்று திருவாய் மலர்ந்தருளினார். அடுப்பில்லாமல் சூடா? பேரமைச்சர்க்கு அப்போதே மூக்கு வியர்த்தது.

விசாரணையில் அவள் கூறியதாவது: இது சிலாசத்துக் கல், இக்கல்லுக்குள் நீர் குடியிருக்கிறது, சூளையில் இளஞ்சூட்டில் வறுத்தால் அந்நீரில் முக்காற்பங்கு ஆவியாகிக் கல் மாவாகும், மாவுக்கு மறுபடி நீர் கொடுத்தால், இழந்ததை வாங்கிக்கொண்டு, ஊசி ஊசியாய் முளைத்து, ஒன்றையொன்று பின்னிப் பழையபடி கல்லாகும், சூளையில் வாங்கிய சூட்டையும் அப்போது திருப்பிக் கொடுக்கும், இது காய்ந்து இறுகுவதன்று, குடித்து இறுகுவது.

தண்ணீர் குடித்துக் கல்லாகும் பொருளைத் தாம் கண்டதில்லை என்றும், நம் குளத்துச் சேறு தலைமுறை தலைமுறையாய் நீரில் கிடந்தும் விசுவாசமாய்ச் சேறாகவே இருக்கிறதென்றும், ஆகவே இது பகைநாட்டு நஞ்சென்றும் பேரமைச்சர் தீர்ப்பருளினார். சேறு ஒன்றே சாட்சி.

நஞ்சைத் தாமே சோதித்துக் காட்டுவதாக அவர் சபையில் முழங்க, இழுத்துச் செல்லப்பட்டவள் திரும்பி, "எண்ணெ தடவாம கைய விட்டுறாதீங்க சாமி, கவ்விக்கும்" என்றாள். அதை மிரட்டல் என்று பதியச் சொன்னார்.

இன்று காலை, பித்தளைக் குண்டானில் சாந்து குழைத்து, ஈரம் உள்ளவரை இறுகாது என்னும் உறுதியில் அதன்மேல் ஒரு குடம் தண்ணீரும் ஊற்றி, சபையோர் சூழ, எண்ணெய் தடவாத வலக்கையை மணிக்கட்டுக்கு மேல்வரை அமிழ்த்தினார். சுடத் தொடங்கியதும், "நஞ்சேதான்! நான் சொன்னேனா இல்லையா?" என்று மகிழ்ந்தார். மகிழ்ந்து முடித்துக் கையை எடுத்தால், தண்ணீருக்கு அடியில் பாறை. கை வரவில்லை, குண்டான்தான் கூடவே எழுந்தது.

உளியோடு ஓடிவந்த கற்றச்சர் மூவரையும் அவர் அண்டவிடவில்லை. ஒருவனுடைய மைத்துனன் தங்கள் சிறையில் இருக்கிறான். ஒருவன் கண் இமைக்கவேயில்லை. மூன்றாமவன் சிரிப்பை அடக்கினான், அதைவிடச் சிரித்தே இருக்கலாம். தீர ஆய்ந்து பேரமைச்சர் துணிந்தது இது: இக்கை பழுதின்றி வந்தால்தான் தன் தலை நிற்கும் என்ற கட்டாயம் உடையவள் நாட்டில் ஒருத்தியே, ஆகவே நம்பத் தகுந்தவளும் அவளே.

எனவே கட்டளை: ஓலை கண்ட நொடியே வாளை உறையிலிடுக. செம்பியாளின் விலங்கைக் கழற்றி, சோறிட்டு, சுத்தியலும் உளியும் கொடுத்துக் கோட்டை வாயிலில் நிறுத்துக. அவளைக் கண்காணிக்க இருவரும், அவ்விருவரைக் கண்காணிக்க ஒருவனும் நிற்க.

முத்திரையில்லா ஓலையைத் தாங்கள் ஏற்பதில்லை. அவ்விதியை இட்டவரும் பேரமைச்சரே. இதில் முத்திரை இல்லை. முத்திரை மோதிரம் அவர் வலக்கை நடுவிரலில், கல்லுக்குள், சேமமாக இருக்கிறது. மோதிரம், விரல், குண்டான், பேரமைச்சர் ஆகிய நான்கையும் மாட்டுவண்டியில் ஏற்றி இவ்வோலையின் பின்னாலேயே அனுப்பியாயிற்று. பொழுது சாயுமுன் வந்து சேரும். கல்லை அவள் உடைத்ததும் மோதிரத்தை வாங்கி, கீழே விட்டிருக்கும் இடத்தில் பதித்துக்கொள்க. அதன் பின்னரே இவ்வோலையை நம்புக.