என் ரத்தம் ஊர்ந்து போனது

அன்புள்ள அம்மாவுக்கு,

தண்டலத்திலிருந்து கனி. நான் நலம். உன் கால் புண் ஆறுகிறதா?

எங்கள் ஆய்வகத்தில் சோதனைக்காக நாங்களே முறை வைத்து ரத்தம் கொடுப்போம்; இன்று என் முறை. பயப்படாதே, எறும்புக்கடிதான். பெருக்க வந்த சரோஜா அக்காதான், "இன்னா கனி, ரத்தம் குடுத்துட்டு சாப்டாம கீறே?" என்று இட்லி தந்தார்.

மைக்ராஸ்கோப்பில் என் வெள்ளை அணுக்கள் அசையவே இல்லை. பதறிவிட்டேன். பார்த்தால், ஏசி ஓடுகிறது, ஸ்லைடுக்குச் சூடு தரும் சுவிட்சைப் போடவில்லை! தமக்குள் இருக்கும் நுண்ணிழைகளை முன்னால் கட்டி, பின்னால் பிரித்துத்தான் அந்த அணுக்கள் நகரும். குளிரில் அந்த வேலை நின்றுவிடும். சூடேறியதும், ஸ்லைடில் நான் விட்டிருந்த கிருமியை நோக்கி ஊர்ந்தன.

என் ரத்தம் நீ தந்ததுதானே? உன் வெள்ளை அணுக்களும் உன் புண்ணுக்கு இப்படித்தான் போய்க்கொண்டிருக்கும்.

அக்கா பூட்டக் காத்திருக்கிறார். உன் பழைய சேலை ஒன்று அனுப்பம்மா. எனக்கும் குளிர்கிறது.

கனிஷ்கா