சொல் மாறாத ராசா வேசம்

27.05.2024, திங்கள்

அந்தோனியார் திருநாள் கூத்தில் இந்த முறை எனக்கு ராசா வேசம். ஐம்பத்தாறு வயதில், நண்டு மாதிரி நடக்கிறவனுக்குக் கிரீடம்!

நீதி தவறாத ராசா கோபத்தில் மகளைக் காட்டுக்கு அனுப்புவார். பிறகு, சொன்ன சொல்லை மீறமாட்டேன் என்று நிற்பார். கடைசியில் மனம் மாறித் தேடிப் போகும்போது மகள் உயிரோடு இல்லை.

"இதை ஏன் எனக்குத் தந்தனீங்கள்?" என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சந்தியோகுவைக் கேட்டேன்.

"உனக்கு நடிக்கத் தேவையில்லை, மரியநேசன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

31.05, வெள்ளி

போன வருடம் மகள் கலிஸ்ரா, பரந்தன் ஊர் வினோதனைக் கட்டிக்கொண்டு போனாள். சைவப் பொடியன், மலையகத்துக் குடும்பம். நான் கோயில் முற்றத்தில் அந்தோனியாரின் பாதத்தைத் தொட்டு, இனி அவள் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். ஐம்பது பேர் பார்த்தார்கள்.

இப்போது அவளுக்கு எட்டு மாதம். பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்களாம். கால் இரண்டும் வீக்கமாம். மனுசி யூலிற்றா போய் வந்து சொன்னா.

நான் வலை பொத்தினேன். ஒரே ஓட்டையை இரண்டு தரம்.

02.06, ஞாயிறு

பூசையில் அந்தோனியாரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

04.06, செவ்வாய்

கூத்துப் பழகும்போது பாட்டு மறந்து போச்சு. "இந்த ராசா கெட்டவனோ?" என்று அண்ணாவியாரைக் கேட்டேன்.

"கெட்ட குணம் ஒண்டுமில்லையடாப்பா. நல்ல குணம் ஒண்டு கூடிப்போச்சு."

வீட்டில் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த யூலிற்றா நிமிரவேயில்லை. "ராசாவுக்கு மனுசி இல்லையோ?"

"முதல் காட்சியிலயே செத்துப்போறா."

"அதுதான்," என்றா.

05.06, புதன்

வினோதன் போன் எடுத்தான். இதுதான் முதல் தரம். "மாமா, பிரஷர் இறங்கேல்ல. நாளைக்கு ஒப்பரேசனாம். ரெண்டு உயிருக்கும் பயமெண்டு சொல்லுகினம்."

சத்தியத்தை முறிச்சா, அந்தப் பழி பிள்ளையில விழுந்தா? கடலில பிழைக்கிறவன் நான் — விளையாட்டில்லை. முறிக்காமல் இருந்து, நாளைக்கு அவள் இல்லையெண்டா? அப்ப ஆரிட்டைப் போய், நான் சொல் மாறேல்லை எண்டு சொல்லுறது?

எனக்கு ஆரில பயம் — அந்தோனியாரிலயோ, அந்த ஐம்பது பேரிலயோ?

08.06, சனி

வியாழக்கிழமை விடிய, முதல் பஸ்ஸிலேயே நானும் யூலிற்றாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெண் பிள்ளை, ஒரு கிலோ தொள்ளாயிரம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தாயும் தப்பிவிட்டாள்.

அண்ணாவியாரிடம் வேறு ராசா பார்க்கச் சொல்லிவிட்டேன்.

இன்றுதான் கலிஸ்ராவுக்குப் பக்கத்தில் இருக்க விட்டார்கள். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கதிரையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். மற்றப் பக்கம் திருப்பினாள். நானும் மற்றப் பக்கம் போனேன்.

"கதிரையை இழுக்காதேங்கோ, பிள்ளையள் நித்திரை," என்றா நேர்ஸ்.

பிறகு நின்றுகொண்டே இருந்தேன்.