காலி நாற்காலிக்கு ஓர் ஆள்

இரண்டு நாளாக வீட்டில் வினிகர் வாசம். மருமகள் சமையலறை அலமாரியையெல்லாம் துடைத்துவிட்டு வந்து, "அத்தை, எந்த பாட்டிலும் கொட்டல. உங்க ரூம்லேருந்துதான் வருது" என்றாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. என் அறையை நான் எப்படி வைத்திருப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னது சரிதான். கட்டிலுக்கு அடியில் நீங்கள் வைத்துவிட்டுப் போன பிஸ்கட் டின்னைத் திறந்ததும் நெடி முகத்தில் அடித்தது. உங்கள் நெகட்டிவ்கள் ஓரம் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பழைய பிலிம் கெட்டுப்போனால் இப்படித்தான் நாறுமாம். "தூக்கிப் போட்டுருவோம் பாட்டி, சுவாசிச்சா நல்லதில்ல லா" என்றான் பேரன். டின்னை மூடி ஜன்னலோரம் வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. எழுதும்படியாக நாம் பிரிந்திருந்ததில்லை. உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. காகிதத்தில் மட்டும் அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்வானேன்.

நான் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் மகள். கான்வென்ட்டில் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவள். மலாக்கா கடைத்தெருவில் ஒற்றை அறையில் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு அப்பா என்னைக் கொடுத்தபோது, உறவினர் சிலர் உதட்டைச் சுழித்தார்கள். ஸ்டூடியோவில் உட்கார்ந்து பிழைக்கிறவர் என்றுதான் நானும் நினைத்தேன். நீங்களோ வாரத்தில் பாதி நாள் மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவராக இருந்தீர்கள். ஜாசினில் கல்யாணம், அலோர் காஜாவில் கோவில் திருவிழா, தஞ்சோங் கிளிங்கில் படகு வாங்கிய மலாய்க்காரருக்குப் படகோடு ஒரு படம், மலைமேல் இடிந்த தேவாலயத்தின் முன்னால் ஊருக்கு அனுப்பப் படம் கேட்கும் வெள்ளைச் சிப்பாய்கள். மற்றபடி ரப்பர் தோட்டம் தோட்டமாகத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள். தோட்டத்துப் பெண்கள் ஓர் ஆண்பிள்ளை தங்கள் முகவாயைத் தொட்டு நிமிர்த்தச் சம்மதிக்கவில்லை. அதனால் நானும் வர வேண்டியதாயிற்று. முந்தானையைச் சரிசெய்வது, தலையை நிமிர்த்துவது, குழந்தைகளின் மூக்கைத் துடைப்பது என் வேலை. அழுக்கு முகத்தோடு யாரையும் படம் எடுக்க நான் விட்டதில்லை. "சரிங்க மதர்" என்பீர்கள், கான்வென்ட்டுக் கன்னிமாரிடம் படித்தவள் என்று கேலியாக.

அது அவசரகாலம், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய காலம். பாதையெங்கும் சோதனைச் சாவடி. கேமராவின் முக்காலியைத் துணியில் சுற்றினால் தூரத்திலிருந்து துப்பாக்கி போலத் தெரியும் என்று, நீங்கள் அதைக் கால் விரித்த நிலையிலேயே என் மடியில் வைத்துவிடுவீர்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையில் முக்காலி, மறு கையில் ஏரியும் அன்னமும் வரைந்த திரைச்சீலை. கான்வென்ட்டுத் தோழி ஒருத்தி வழியில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திருப்பிக்கொள்ளவில்லை.

இன்று ஆயர் குரோவில் நெடுஞ்சாலை ஓடும் பக்கத்தில்தான் அந்தத் தோட்டம் இருந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போகிறதா என்று வாசலில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்த காலம். அஞ்சலையை அங்கேதான் பார்த்தோம். அவள் புருஷன் வீரையா தொழிற்சங்கத்து ஆள். அவசரகாலம் அறிவித்த வாரமே போலீசுக்குப் பயந்து போனவன், பிறகு தகவலே இல்லை. காட்டில் இருக்கிறான் என்றது போலீஸ். சிங்கப்பூரில் இருக்கிறான் என்றார்கள் சிலர். செத்திருப்பான் என்று சொன்னவர்கள், அஞ்சலையின் தாலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். அவன் போனபோது அவள் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு அன்று மூன்று வயது.

"மூணு பேரும் சேந்தாப்புல ஒரு படம் வேணும்ணே" என்றாள்.

"அவரு இல்லாம எப்படிம்மா?" என்று நான் கேட்டேன்.

"அண்ணன்கிட்ட அவரு படம் இருக்கே. சங்கக் கூட்டத்துல எடுத்தீங்களே."

உங்களிடம் இருந்தது. சங்கத்து ஆட்கள் இருபது பேர், முன்வரிசை நாற்காலியில் வீரையா. இல்லாதவரை இருப்பவரோடு சேர்க்கும் வேலை உங்களுக்குப் புதிதல்ல. இந்தியாவில் இறந்த தாயை இங்கே மகனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறீர்கள். எனக்குத்தான் அது பிடிக்காது. நடக்காததை நடந்ததுபோல் காட்டுவது பொய் என்று அன்றும் சொன்னேன். "காலி நாற்காலிய யாரும் செவுத்துல மாட்டமாட்டாங்க" என்றீர்கள். அஞ்சலையை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நடுவில் பிள்ளையை நிறுத்தி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டீர்கள். அவள் முகவாயை நான்தான் நிமிர்த்தினேன்.

பிறகு குழுப்படத்தை அளவு பார்த்துப் பெரிதாக்கி, வீரையாவை மட்டும் பிளேடால் வெட்டி, ஓரத்தைப் பின்பக்கம் உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி, காலி நாற்காலியில் ஒட்டி, தூரிகையால் நிழல் போட்டு, அதை மறுபடி படம் எடுத்தீர்கள். ஒட்டியதை உடனே கிழித்துப் போட்டீர்கள். எப்போதும் அப்படித்தான். தையல் யார் கண்ணிலும் படக்கூடாது என்பது உங்கள் பிடிவாதம். அஞ்சலை அந்தப் படத்தைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

அதையே போலீஸ் பிடித்துக்கொண்டது. லயத்தைச் சோதனை போட்ட வெள்ளைக்கார அதிகாரி அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாராம். ஆள் மறைந்த பிறகு பிறந்த பிள்ளை, அந்த ஆளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அப்படியானால் அவன் வந்து போகிறான், இவள் சோறு போடுகிறாள். தோட்டத்து லாரி ஓட்டுபவர் ஸ்டூடியோவுக்கு ஓடிவந்து சொன்னார்: "அண்ணே, அஞ்சலையப் புள்ளையோட ஏத்திட்டுப் போயிட்டாங்க. உங்க படத்தாலதான்ணே."

நீங்கள் காலி நாற்காலி நெகட்டிவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனீர்கள். அவன் எழுந்துபோன பிறகு எடுத்ததாக இருக்கும் என்று அதிகாரி தள்ளிவிட்டார். அந்த ஆளை எதிலிருந்து எடுத்தாய், அதைக் கொண்டு வா, இல்லையென்றால் அவளைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டு, பிறகு இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றுவோம் என்றாராம். அவள் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்து இருட்டறை வாசலில் உட்கார்ந்தீர்கள். "அதான் குழுப்பட நெகட்டிவ் இருக்கே, கொண்டுபோய்க் காட்டுங்களேன்" என்றேன். நீங்கள் அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தீர்கள்.

"இதுல எத்தன பேரு இன்னும் அதே தோட்டத்துல பால்மரம் வெட்டுறாங்க தெரியுமா? இந்தா, பின்னால நிக்கிறது அஞ்சலையோட அண்ணன். இவளக் கொண்டாரதுக்கு அவன முகாமுக்கு அனுப்பி வைக்கட்டுமா?"

 அந்த நெகட்டிவை வாங்கி உறையில் போட்டுவிட்டு, "அப்படியென்றால் இதேபோல் இல்லாத ஆளை ஒட்டி இன்னொரு படம் செய்து அவர்களிடம் காட்டுங்கள்" என்றேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். பிறகு உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. எழுந்துபோய் வேறொரு நெகட்டிவைக் கொண்டுவந்தீர்கள். போலீஸ் கால்பந்துக் குழு கோப்பை வென்றபோது நீங்கள் எடுத்தது. முன்வரிசை நடுவில், அரைக்கால் சட்டையும் பூட்சுமாக, மடியில் வெள்ளிக் கோப்பையோடு அதே அதிகாரி.

"இவர அஞ்சலை பக்கத்துல உக்கார வச்சிருவோமா மதர்?"

"உங்களையும் சேர்த்து உள்ளே வைத்துவிடுவார்கள்" என்றேன். ஆனால் வேறு வழி எனக்கும் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலை செய்தீர்கள். மத்தியானம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினீர்கள். கோப்பை அப்படியே இருந்தது. கழுத்துக்குப் பக்கத்தில் வெட்டிய கோடு லேசாகத் தெரிந்தது.

"இது ஆகாது. கோப்பையோடு கொண்டுபோனால் கேலி செய்கிறோம் என்று நினைப்பார். கோடு தெரிந்தால், இது ஒட்டியது, அது ஒட்டாதது என்பார். அந்தப் படம் எவ்வளவு சுத்தமோ இதுவும் அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்."

"பசிக்குதும்மா."

"முடித்துவிட்டுச் சாப்பிடலாம்."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனீர்கள். அடுத்ததில் கோப்பை போய், கை முழங்கால்மேல் இருந்தது. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோடு இல்லை. அதன் பிறகுதான் சோறு போட்டேன்.

மறுநாள் நான் வெள்ளைப் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு உங்களோடு வந்தேன். அதிகாரியின் மேசையில் படத்தை வைத்துவிட்டு நின்றேன். அவர் பார்த்தார். வெள்ளை முழங்கால்கள் தெரிய அவர், பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளை, அதற்குப் பக்கத்தில் வெறுங்காலோடு அஞ்சலை. அவர் காது சிவந்துகொண்டே வந்தது. பின்னால் நின்ற தமிழ் சார்ஜன் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கூரையைப் பார்த்தார். அதிகாரி வாயைத் திறக்கும் முன்பே, கன்னிமார் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஐயா, நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அவரும் உட்கார்ந்ததில்லை."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து பழைய படத்தை எடுத்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரல்நகத்தால் கழுத்தோரத்தைச் சுரண்டினார். ஒன்றும் வரவில்லை. பிறகு கேட்டார்: "அந்த ஆளை வெட்டியெடுத்த படம் எங்கே?"

நான் உங்களைப் பார்த்தேன். "வெட்டிட்டேன்னு சொல்லு" என்றீர்கள்.

"அதை வெட்டிவிட்டாராம், ஐயா" என்றேன். நீங்கள் சொன்னதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை, ஒரு சொல் குறைக்கவும் இல்லை. தாளில் போட்ட படத்தை வெட்டியது உண்மைதான். நெகட்டிவ் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

சாயங்காலம் அஞ்சலையை விட்டார்கள். இரண்டு படங்களையும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். இனி இந்த மாதிரி வேலை செய்யக்கூடாது என்று உங்களுக்கு உத்தரவு. வாசல் வரை வந்த சார்ஜன் குரலைத் தாழ்த்தி, "நல்ல ஆளுயா நீ. கல்யாணமாகாத எங்க துரைக்குப் பொண்டாட்டி புள்ளையே குடுத்துட்டியே லா" என்றார்.

அஞ்சலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அழுது பார்த்ததாக நினைவில்லை. வந்ததும் கேட்டது, "படம் எங்கண்ணே?"

"அவங்களே வச்சிக்கிட்டாங்கம்மா."

"அப்ப இன்னொண்ணு போட்டுக் குடுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் படத்தாலதானே இவ்வளவும்? அது பொய்ப்படம்னு இப்ப தோட்டத்துக்கே தெரியும். இன்னும் எதுக்கு?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்குத் தெரியாதாக்கா? காலி நாற்காலிக்குப் பக்கத்துல நாந்தானே உக்காந்திருந்தேன்."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். அனுமதி கேட்பதுபோல் இருந்தது. "கொடுங்க" என்றேன். உத்தரவை மீறி நான் செய்த முதல் காரியம் அது.

அன்றிரவே வெந்நீர் போடச் சொன்னீர்கள். குழுப்பட நெகட்டிவைத் தட்டில் வைத்து நான் நீரை ஊற்ற, அதன் மேல்பூச்சு இளகி, பாலாடைபோல் நழுவி வந்தது. இருபது பேரும் கலங்கலாகிப் போனார்கள். அஞ்சலையின் அண்ணன் தப்பினான். வீரையாவின் மெய்யான படம் உலகத்தில் அது ஒன்றுதான். அதை விரலால் வழித்துவிட்டு, "இனிமே அவன் அந்த நாற்காலியிலதான் இருக்கான்" என்றீர்கள்.

வீரையா வரவே இல்லை. அவசரகாலம் முடிந்தது, வேலியைப் பிடுங்கினார்கள், அவனைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அஞ்சலை கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஒருநாள் நரைத்த மீசையோடு ஒருவர் புக்கிட் பெருவாங்கில் இந்த வீட்டைத் தேடி வந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாராம். அஞ்சலையின் மகன். அம்மாவுக்குக் காரியம் முடித்துவிட்டு வந்திருந்தார். கையில் அந்தப் படம், சட்டம் மட்டும் புதிது.

"அம்மா சாகறதுக்கு முன்ன சொல்லிட்டாங்க பெரியம்மா. நாற்காலி காலியாத்தான் இருந்துச்சாம். அப்பா நெசமா உக்காந்திருந்த படம் உங்ககிட்ட இருக்கா?"

இல்லை என்றேன். எப்படிக் கழுவினோம், எதற்காகக் கழுவினோம் என்று முழுவதும் சொன்னேன். தண்ணீர் ஊற்றியது நான்தான் என்பதையும் சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை. அவர் கட்டைவிரலால் சட்டத்தின் ஓரத்தைத் தடவினார்.

"மாமாதான் என்னைய வளத்தாரு" என்றார். "அவரும் இல்லாமப் போயிருந்தா நான் என்னா ஆயிருப்பேன்." பிறகு படத்தை என் பக்கம் திருப்பினார். "ஒண்ணு கேக்கறேன். அப்பா ஒரு எடத்தப் பாக்கறாரு. நானும் அம்மாவும் அதே எடத்தத்தான் பாக்கறோம். வேற வேற நாள் எடுத்தது எப்படிப் பெரியம்மா அப்படி அமைஞ்சிச்சு?"

அந்தப் படத்தை எத்தனையோ முறை குறை சொன்னவள் நான். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. யோசித்து, உள்ளதை உள்ளபடியே சொன்னேன். "கேமராவுக்குப் பின்னால நின்ன எங்க வீட்டுக்காரரப் பாக்கறீங்க, தம்பி. உங்க அப்பா பாத்ததும் அவரத்தான். நீங்க ரெண்டு பேரும் பாத்ததும் அவரத்தான்."

அவர் படத்தைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனார்.

நம் வீட்டு ஆல்பம் எதிலும் நீங்கள் இல்லை என்று பிள்ளைகளுக்குக் குறை. நான் அதைக் குறையாக நினைப்பதை விட்டுவிட்டேன். இப்போது யாராவது என்னைப் படம் எடுத்தால் அவர்கள் காட்டும் இடத்தைப் பார்க்க எனக்கு வருவதில்லை. பேரன் கைப்பேசியை ஆட்டி, "பாட்டி, இங்க பாருங்க, எங்கயோ பாக்கறீங்க" என்கிறான். முகவாயை நானே நிமிர்த்திக்கொண்டு, அவன் தோளுக்குச் சற்று மேலே, நீங்கள் நிற்கும் உயரத்தைத்தான் பார்க்கிறேன்.