சல்லடையில் தேறிய ஜல்லி

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் ஓரமாகத் தண்டவாளத்துக்குப் போட ஜல்லி வந்து இறங்கியது. கல்தூசி வாசனை மூக்கில் ஏறியதும் குனிந்து ஒரு கல்லை எடுத்துத் தடவிப் பார்த்தேன். நீ போய்ச் சேர்ந்து ஒன்பது மாதமாகிறது. இருந்தும் உன்னிடம்தான் பேசத் தோன்றியது.

அந்தக் கோடையை நீ மறந்திருக்க மாட்டாய். ராஜபாளையத்திலிருந்து தினமும் தண்டவாளத்தை நடந்து பார்க்கும் கீமேன் நீ. அதே பகுதிக்கு நான் என்ஜினீயர். ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்பதால் ஆள் இல்லாத இடத்தில் என்னை 'ஏலே' என்பாய். வளைவில் புதுக் கல் போட்ட அன்று ஒன்றை எடுத்து நீட்டினாய்.

"ஏலே, இது ஓடைக்கல்லை ஒடைச்சது. பாதி மொகம் வழவழன்னு இருக்கு. ஒண்ணையொண்ணு கவ்வாது. வெயில்ல தண்டவாளம் நீண்டு தள்ளுனா அடியில கெடக்குற கட்டையைப் பிடிச்சு நிறுத்தாது."

"சல்லடையில தேறிருச்சுலே. அளவு சரியா இருக்கு, பொறவு என்ன?" என்றேன்.

சல்லடை அளவைத்தான் பார்க்கும், முனை இருக்கிறதா என்று பார்க்காது. அது எனக்கும் தெரியும். திருப்பி அனுப்பினால் வேலை தள்ளிப்போகும், மேலே கேள்வி வரும். புதுக் கல் இறுகும்வரை ரயில் மெதுவாகப் போக வேண்டும் என்ற உத்தரவையும் அவசரப்பட்டு நீக்கிவிட்டேன்.

மறுநாள் உச்சிவெயிலில் போன் செய்தாய். "வளைவு வெளிய தள்ளிருச்சு. வண்டி ராஜபாளையம் விட்டுட்டானா?"

விட்டுவிட்டான். போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சிவப்புக் கொடியோடு வண்டிக்கு எதிரே ஓடினாய். உன் காலடியில் ஜல்லி சரிகிற சத்தம் கேட்டது. பிறகு ஹாரன். பிறகு ஒன்றுமே இல்லை. வண்டியில் இருந்த அத்தனை பேரையும் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். செத்த நேரம் கழித்து உன் குரல் வந்தது: "நின்னுட்டான்லே."

விசாரணையில் நம்மைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கல்லைப் பற்றி முன்பே யாராவது சொன்னார்களா என்று அதிகாரி என்னைக் கேட்டார். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "இல்ல சார்" என்றேன். வெயில்மேல் பழி போட்டுக் கோப்பை மூடினார்கள்.

வெளியே வந்ததும், ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன். "நீயே சொல்லுவேன்னு இருந்தேன்" என்றாய். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எத்தனையோ லோடு கல்லைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கறாரான ஆள் என்று பெயர். ஆனால் துக்கம் கேட்க நான் உன் வீட்டுக்கு வந்தபோது உன் மனைவி கேட்டாள்: "கொடியைப் பிடிச்சு ஓடுனதை மட்டும் அம்புட்டுத் தடவை சொல்லுவாக. கல்லு சரியில்லன்னு முன்னாடியே தெரியலையான்னு கேட்டா வாயே தெறக்க மாட்டாக. அவிய ஒங்ககிட்ட எதுவும் சொன்னாகளா அண்ணே?"

உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, இல்லை என்றேன்.